எலிக்கு லேசான நோய், தாத்தாவுக்கு?

எலி மெலிந்தால் யாராவது கவலைப்படுவார்களா?

வீட்டு எலி மெலிந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அரிசி மூட்டை தப்பியது என்று சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் விஞ்ஞானிகளின் சோதனைச் சாலையில் ஓர் எலி மெலிந்தால், அது பெரிய செய்தி! எத்தனை நாளில் மெலிந்தது, எத்தனை கிராம் மெலிந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கை உலகம் முழுவதும் உள்ள டாக்டர்கள் படிக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் அப்படிப் பல கணக்குகள் வந்தன. பல உயிர்களைக் காப்பாற்ற அவை உதவின. ஆனால் அந்தக் கணக்கைத் தப்பாகப் படித்தவர்களும் உண்டு. தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கிருமி இன்னும் போய்விடவில்லை. உருமாறிக்கொண்டே இருக்கிறது.

தென் ஆப்பிரிக்காவில் இருந்து வந்த தகவல்

2021-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி.

உலக சுகாதார நிறுவனத்துக்குத் தென் ஆப்பிரிக்கா ஒரு தகவல் அனுப்பியது. கொரோனா கிருமி மறுபடியும் உருமாறி இருக்கிறது என்பதே அந்தத் தகவல். இரண்டு நாள் கழித்து அதற்குப் பெயர் வைத்தார்கள். "ஓமிக்ரான்" என்பது அந்தப் பெயர்.

உலகம் நடுங்கியது. நடுங்கியதற்குக் காரணம் உண்டு.

அதற்கு முன்னால் வந்தது "டெல்டா". இந்தியாவில் 2021 ஏப்ரல், மே மாதங்களில் அது ஆடிய ஆட்டத்தை யாரால் மறக்க முடியும்? ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. ஆக்சிஜன் இல்லை. சுடுகாட்டில்கூட இடம் இல்லாமல் மக்கள் காத்துக் கிடந்தார்கள்.

டெல்டாவே அப்படி என்றால், ஓமிக்ரான் எப்படி? அது டெல்டாவைவிடக் கொடியதா? சாதுவானதா?

இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு.

ஒரு வழி, காத்திருப்பது. எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணுவது. இந்த வழியில் விடை கிடைக்கும். ஆனால் அதற்குள் பலர் செத்துப் போவார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. ஒருவர் தடுப்பு ஊசி போட்டிருப்பார். இன்னொருவர் போட்டிருக்க மாட்டார். ஒருவருக்கு ஏற்கனவே கொரோனா வந்து போயிருக்கும். ஒருவர் வாலிபர், ஒருவர் கிழவர். ஒருவருக்கு நோய் லேசாக வந்தால், கிருமி சாதுவா, அவர் உடம்பு கெட்டியா என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது வழி, பிராணிகளைக் கேட்பது.

ஒரே வயதுள்ள பிராணிகள். ஒரே தீனி. ஒரே நாளில், ஒரே அளவு கிருமி. ஒரு கூட்டத்துக்கு டெல்டா. இன்னொரு கூட்டத்துக்கு ஓமிக்ரான். இப்போது வித்தியாசம் தெரிந்தால், அது கிருமியின் வித்தியாசம்தான். உடம்பின் வித்தியாசம் அல்ல.

எலிக்கு வரவில்லை!

ஆனால் எந்தப் பிராணியைக் கேட்பது?

சோதனைச் சாலையில் எப்போதும் இருப்பது சுண்டெலி. 2020-ம் ஆண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் சுண்டெலிக்குக் கொரோனா கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிக்கு நோய் வரவில்லை!

ஏன்?

கொரோனா கிருமியின் உடம்பு முழுவதும் முள் முள்ளாக இருக்கும். மனித உடம்பில் உள்ள உயிரணுக்களின் மேல் "ஏஸ்-2" என்று ஒரு பொருள் இருக்கிறது. கிருமியின் முள் அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் உள்ளே நுழைந்துவிடும். எலிக்கும் ஏஸ்-2 உண்டு. ஆனால் அதன் வடிவம் கொஞ்சம் வேறு. முள் அதில் சரியாக மாட்டவில்லை. கிருமி வெளியிலேயே நின்றுவிட்டது.

இந்தச் சங்கடத்துக்கு விடை பதின்மூன்று வருடத்துக்கு முன்பே தயாராக இருந்தது!

2003-ல் "சார்ஸ்" என்ற நோய் பரவியது. அதுவும் ஒரு வகைக் கொரோனாதான். அதை ஆராய்வதற்காக, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பெர்ல்மன், பால் மெக்ரே என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவினரும் ஒரு புதுவகைச் சுண்டெலியை உண்டாக்கினார்கள். மனிதனுடைய ஏஸ்-2 அந்த எலியின் உடம்பில் இருக்கும்படி செய்தார்கள். 2007-ல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது.

அதற்குள் சார்ஸ் ஓய்ந்துவிட்டது. அந்த எலிகள் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆனால் அவற்றின் விந்தை உறைய வைத்துப் பத்திரப்படுத்தி இருந்தார்கள்.

2020-ல் அது கைகொடுத்தது. அமெரிக்காவில் ஆராய்ச்சி எலிகளை வளர்த்துக் கொடுக்கும் ஜாக்சன் ஆய்வகம், அந்த விந்தைக் கொண்டு மறுபடியும் எலிகளைப் பிறக்க வைத்தது. உலகம் முழுவதும் இருந்து அவற்றைக் கேட்டார்கள்.

ஆனால் அந்த எலியிடமும் ஒரு குறை உண்டு. கிருமி அதன் மூளைக்கும் போய்விடுகிறது. பல எலிகள் அதனால்தான் சாகின்றன. மனிதர்கள் கொரோனாவில் சாவது பெரும்பாலும் அப்படி அல்ல. நுரையீரல் கெட்டுப் போவதால். இந்தக் குறையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு பெரிய கூச்சலுக்கு இந்த எலிதான் காரணம்.

கன்னத்தில் பை உள்ள பிராணி

இன்னொரு பிராணி, ஹாம்ஸ்டர்.

எலி இனத்தைச் சேர்ந்தது. கைக்குள் அடங்கும். பொன் நிறம். குட்டை வால். கன்னத்தில் பை உண்டு. அதில் தானியத்தை அடக்கிக்கொண்டு ஓடும். பல நாடுகளில் குழந்தைகள் இதைச் செல்லமாக வளர்க்கிறார்கள்.

இதன் சொந்த ஊர் சிரியா. 1930-ல் அந்த நாட்டின் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில், இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் வளையில் இருந்து தோண்டி எடுக்கச் செய்தார். இன்று உலகத்தின் சோதனைச் சாலைகளில் உள்ள ஹாம்ஸ்டர்கள் அநேகமாக எல்லாம் அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தான்!

ஹாம்ஸ்டரின் ஏஸ்-2-ல் கொரோனா முள் நன்றாக மாட்டுகிறது. எலியைப் போல எதையும் மாற்ற வேண்டியது இல்லை. 2020-ல் ஹாங்காங் விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். நோய் வந்த ஹாம்ஸ்டர் மெலிகிறது. நுரையீரல் வீங்குகிறது. பக்கத்துக் கூண்டில் உள்ள ஹாம்ஸ்டருக்கும் நோய் தொற்றுகிறது. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. மனிதனுக்கு வரும் நோயும் ஏறக்குறைய இப்படித்தானே?

அதே ஹாங்காங்கில் ஒரு சுவையான சோதனை நடந்தது. நோய் உள்ள கூண்டுக்கும் இல்லாத கூண்டுக்கும் நடுவே முகக் கவசத் துணியைத் திரை போலக் கட்டினார்கள். திரை இல்லாதபோது 15 ஹாம்ஸ்டர்களில் 10-க்கு நோய் தொற்றியது. திரை கட்டியபோது 24-ல் 6-க்குத்தான் தொற்றியது. முகக் கவசத்தைக் கேலி செய்தவர்களுக்கு ஹாம்ஸ்டர் சொன்ன பதில் அது!

ஒரு மாறுதல், ஒரு சேதி

கிருமி உருமாறும் ஒவ்வொரு தடவையும் ஹாம்ஸ்டரைக் கேட்டார்கள்.

சோதனை இதுதான். மயக்க மருந்து கொடுத்து, மூக்கில் கிருமி உள்ள துளியை விடுவார்கள். தினமும் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். சில நாள் கழித்துச் சிலவற்றைக் கொன்று நுரையீரலைச் சோதிப்பார்கள். எவ்வளவு கிருமி இருக்கிறது, எவ்வளவு இடம் கெட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

2020-ல் கிருமியின் முள்ளில் ஒரே ஓர் இடம் மாறியது. அந்த மாறுதல் உள்ள கிருமி உலகம் முழுவதும் பரவியது. அது அதிகம் கொல்லுமா என்று பயந்தார்கள். ஹாம்ஸ்டர் பதில் சொல்லியது. மூக்கிலும் மூச்சுக் குழாயிலும் கிருமி அதிகம். நுரையீரலில் அதிகம் இல்லை. அதாவது, இது சீக்கிரம் பரவும். ஆனால் முன்னைவிடக் கொடியது அல்ல.

2021-ல் இந்தியாவில் புது வகைகள் கிளம்பின. புனே நகரத்தில் உள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம், டெல்டாவின் உடன்பிறப்பான "கப்பா" என்ற வகையை ஹாம்ஸ்டருக்குக் கொடுத்துப் பார்த்தது. பழைய வகையைவிட இதில் எடை அதிகம் குறைந்தது. நுரையீரலும் அதிகம் கெட்டது.

டெல்டாவை ஜப்பான் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அதன் முள்ளில் உள்ள ஒரு மாறுதலை மட்டும் பழைய கிருமியில் புகுத்தினார்கள். அந்த ஒரு மாறுதலே ஹாம்ஸ்டரின் நோயைக் கடுமையாக்கியது! அந்த மாறுதல் இருந்தால், கிருமி நுழைந்த உயிரணு பக்கத்து உயிரணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டி ஒட்டிப் பெரிய கட்டியாக ஆகிறது. டெல்டாவின் கொடுமைக்கு ஒரு காரணம் இப்படித் தெரிந்தது.

பிறகு ஓமிக்ரான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல சோதனைச் சாலைகள் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கின. 2022 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. ஓமிக்ரான் வந்த எலிகளும் ஹாம்ஸ்டர்களும் அவ்வளவாக மெலியவில்லை. நுரையீரலில் கிருமி குறைவு. சேதமும் குறைவு.

காரணமும் தெரிந்தது. பழைய கிருமி உயிரணுவுக்குள் நுழைய, உயிரணுவின் மேலேயே உள்ள ஒரு பொருள் உதவி செய்யும். அது கத்தரிக்கோல் மாதிரி. முள்ளை வெட்டி வழிவிடும். நுரையீரலில் அந்தக் கத்தரிக்கோல் முக்கியம். ஓமிக்ரானுக்கு அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை. ஆகவே அது தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் தங்கிவிடுகிறது. நுரையீரலின் ஆழத்துக்கு அதிகம் போவதில்லை.

இவ்வளவும் ஒன்றிரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது. பிராணி இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது.

சரி, ஓமிக்ரான் லேசான நோய். இனிக் கவலை இல்லை. அப்படித்தானே?

அங்கேதான் தப்பு!

ஹாங்காங்கில் விழுந்த பிணங்கள்

ஹாம்ஸ்டரைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன அதே ஹாங்காங் நகரம். 2021 முடியும்வரை அங்கே கொரோனாவில் இறந்தவர்கள் 213 பேர்தான். அவ்வளவு கட்டுக் காவல்!

2022 ஜனவரியில் அங்கே ஒரு சம்பவம் நடந்தது. செல்லப் பிராணிகள் விற்கும் கடையில் வேலை பார்த்த ஒருவருக்கு டெல்டா கிருமி தொற்றியது. கடையில் இருந்த ஹாம்ஸ்டர்களிடமும் அந்தக் கிருமி இருந்தது. உடனே ஹாங்காங் சர்க்கார், ஏறக்குறைய 2,000 ஹாம்ஸ்டர்களையும் மற்றச் சிறு பிராணிகளையும் கொன்றுவிட உத்தரவு போட்டது. குழந்தைகள் அழுதார்கள்.

ஆனால் பெரிய ஆபத்து கூண்டில் இல்லை. வீட்டுக்குள் இருந்தது.

ஹாங்காங்கின் கிழவர்களும் கிழவிகளும் பலர் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஊசியால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ஊரில் நோயே இல்லையே என்ற தைரியம்.

ஓமிக்ரான் வந்தது. ஹாம்ஸ்டரை அதிகம் மெலிய வைக்காத அதே ஓமிக்ரான்!

2022 ஜனவரி 6-ந் தேதியில் இருந்து மார்ச் 21-ந் தேதிக்குள் 5,906 பேர் இறந்து போனார்கள். அவர்களில் 100-க்கு 96 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். அந்த முதியவர்களில் 100-க்கு 70 பேர் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

அப்படியானால் ஹாம்ஸ்டர் பொய் சொன்னதா?

இல்லை. ஹாம்ஸ்டர் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. "டெல்டாவைவிட ஓமிக்ரான் நுரையீரலை அதிகம் கெடுக்குமா?" என்பது கேள்வி. "இல்லை" என்பது பதில்.

"தடுப்பு ஊசி போடாத எண்பது வயதுத் தாத்தா பிழைப்பாரா?" என்று யாரும் ஹாம்ஸ்டரைக் கேட்கவில்லை.

கூண்டில் இருந்தவை பெரும்பாலும் இளம் பிராணிகள். நல்ல ஆரோக்கியம் உள்ளவை. சர்க்கரை வியாதி கிடையாது. இருதய நோய் கிடையாது. தாத்தா அப்படியா?

இதில் இன்னொரு வேதனை உண்டு. வயதான ஹாம்ஸ்டருக்கு நோய் கடுமையாக வரும். தேறுவதற்கும் நாளாகும் என்று 2020-லேயே சோதனைகள் காட்டிவிட்டன. முதியவர்களைப் பற்றிய எச்சரிக்கையையும் அந்தச் சின்னப் பிராணி கொடுத்திருந்தது. "லேசான நோய்" என்ற சொல் காதில் விழுந்த அளவுக்கு, இந்த எச்சரிக்கை விழவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. லேசான நோய் ஒரு லட்சம் பேருக்கு வந்தால் ஆயிரம் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே நோய் வேகமாகப் பரவி ஒரு கோடிப் பேருக்கு வந்தால்? ஒரு லட்சம் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள்! நோய் சாதுவாக இருந்தால் போதாது. எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதும் முக்கியம். அதைக் கூண்டுப் பிராணி சொல்லாது.

பாஸ்டனில் எழுந்த கூச்சல்

இது அலட்சியத்தால் வந்த வினை. பயத்தால் வந்த தப்பும் ஒன்று உண்டு.

2022 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓர் ஆராய்ச்சிச் செய்தி வந்தது. ஓமிக்ரான் லேசாக இருப்பதற்கு அதன் முள் மட்டும்தான் காரணமா என்று பார்க்க விரும்பினார்கள். ஓமிக்ரானின் முள்ளைப் பழைய கிருமியின் உடம்பில் பொருத்தினார்கள். அதை மனித ஏஸ்-2 உள்ள எலிகளுக்குக் கொடுத்தார்கள். 100-க்கு 80 வீதம் எலிகள் செத்தன.

அவ்வளவுதான்! 100-க்கு 80 பேரைக் கொல்லும் கிருமியை உண்டாக்கிவிட்டார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில கொட்டை எழுத்தில் போட்டன. உலகமே அழிந்துவிடும் என்ற பீதி பரவியது.

அந்தப் பத்திரிகைகள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதே எலிகளுக்குப் பழைய கிருமியைக் கொடுத்தபோது 100-க்கு 100-ம் செத்தன!

பழைய கிருமி மனிதர்களில் 100-க்கு 100 பேரைக் கொன்றதா? இல்லையே! அந்த வகை எலி அப்படி. கிருமி அதன் மூளைக்குப் போய்விடுகிறது என்ற குறையை மேலே பார்த்தோம் அல்லவா? எலியின் சாவுக் கணக்கை மனிதனின் சாவுக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் சோதனை சொன்ன உண்மைச் சேதி வேறு. ஓமிக்ரான் லேசாக இருப்பதற்கு முள் மட்டும் காரணம் அல்ல. கிருமியின் மற்றப் பாகங்களும் காரணம். இதுதான் சேதி. கூச்சலில் அது அமுங்கிப் போயிற்று.

அப்படிப்பட்ட கலப்புக் கிருமியை உண்டாக்கலாமா, யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தப்பான எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கக் கூடாது.

விஞ்ஞானிகளுக்குள்ளேயே பேதம் வருவது உண்டு. ஓமிக்ரானின் தம்பியாக "பி.ஏ.2" என்ற வகை வந்தது. அதன் முள்ளைப் பழைய கிருமியில் பொருத்திச் சோதித்த ஜப்பான் குழு ஒன்று, இது ஹாம்ஸ்டருக்குக் கடுமையான நோயைத் தருகிறது என்று கூறியது. நோயாளிகளிடம் இருந்து எடுத்த முழுக் கிருமியைச் சோதித்த இன்னொரு குழு, இதுவும் முதல் ஓமிக்ரானைப் போலத்தான் என்று கூறியது. இரண்டு குழுக்களும் நேர்மையாகத்தான் சோதித்தன. சோதித்த பொருள்தான் வேறு.

பிராணிகளை வதைக்கலாமா?

"மனிதன் பிழைக்க வாயில்லாப் பிராணியை வதைப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரக்கம் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி அது. அதை அலட்சியம் செய்யக் கூடாது.

1959-லேயே இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் மூன்று விதிகளைச் சொன்னார்கள். பிராணி இல்லாமல் செய்ய முடிந்தால் அப்படியே செய். பிராணி வேண்டும் என்றால் குறைந்த எண்ணிக்கையில் செய். அந்தச் சிலவற்றுக்கும் வலி குறைவாக இருக்கும்படி செய். உலகம் முழுவதும் நல்ல சோதனைச் சாலைகள் இன்று ஒப்புக்கொள்வது இந்த மூன்று விதிகளைத்தான்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் வந்ததில் ஒரு தமிழ்ப் பெண்மணிக்குப் பங்கு உண்டு. அவர் கலாக்ஷேத்திராவை உண்டாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபை உறுப்பினராக இருந்தபோது, பிராணிகளை வதைப்பதைத் தடுக்க அவர் மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னார். மசோதாவை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர் ஆனார்.

அந்தச் சட்டம் ஆராய்ச்சியை அடியோடு தடுக்கவில்லை. தேவையில்லாத வலி கூடாது என்கிறது. கண்காணிக்க ஒரு குழுவும் வேண்டும் என்கிறது. அது சரியான வழிதான்.

பிராணி இல்லாமல் செய்யக் கூடிய சோதனைகளும் உண்டு. 2021 டிசம்பரில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தார், மனித உடம்பில் இருந்து எடுத்த திசுக்களில் ஓமிக்ரானை விட்டுப் பார்த்தார்கள். மூச்சுக் குழாய்த் திசுவில் டெல்டாவைவிட ஏறக்குறைய 70 மடங்கு அதிகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவில் பழைய கிருமியைவிடக் குறைவாகப் பெருகியது. ஹாம்ஸ்டர் சொன்னதும் இதேதான்!

இத்தகைய சோதனைகள் பெருக வேண்டும். ஆனால் துண்டுத் திசு மெலியாது. மூச்சு வாங்காது. பக்கத்தில் இருப்பவருக்கு நோயைப் பரப்பாது. முழு உடம்பில் நோய் எப்படி நடக்கிறது என்று தெரிய, இன்றைக்கும் பிராணி தேவைப்படுகிறது. வேறு வழி வரும்வரை அந்தச் சோதனையை நிறுத்துவது புத்திசாலித்தனம் அல்ல. நிறுத்தினால் அடுத்த உருமாறிய கிருமியின் குணத்தைத் தெரிந்துகொள்ள மனிதர்களின் சாவைத்தான் எண்ண வேண்டி இருக்கும்.

அதே நேரத்தில், பிராணியைக் கொன்று வாங்கிய சேதியை வீணடிப்பது பெரிய பாவம். ஹாம்ஸ்டரின் நுரையீரலை அறுத்துப் பார்த்து, அது சொன்னதில் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, "லேசான நோய்தான்" என்று முதியவர்களைக் கைவிட்டால், அந்தப் பிராணியும் வீணாகச் செத்தது; மனிதரும் வீணாகச் செத்தார்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கொரோனா கிருமி இனியும் உருமாறும். புதுப் புதுப் பெயர்கள் வரும். எலிக்குக் கொடுத்தார்கள், ஹாம்ஸ்டருக்குக் கொடுத்தார்கள் என்று செய்தி வரும். அப்போது படிப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: எந்தப் பிராணி? மனித ஏஸ்-2 உள்ள எலியா, ஹாம்ஸ்டரா? எலி செத்ததா, மெலிந்ததா? அந்தப் பிராணியின் குறை என்ன?

இரண்டாவது கேள்வி: எதோடு ஒப்பிட்டார்கள்? "100-க்கு 80" என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய கிருமி அதே பிராணியை என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத செய்தி அரைச் செய்தி.

மூன்றாவது கேள்வி: அந்தப் பிராணிக்கும் வீட்டில் இருப்பவருக்கும் என்ன பொருத்தம்? பிராணி இளசா, கிழமா? வீட்டில் இருப்பவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா? தடுப்பு ஊசி போட்டு எத்தனை காலம் ஆயிற்று?

பள்ளிக்கூடப் பிள்ளைகூட இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியது இல்லை.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. "கொடிய கிருமி" என்று எழுதினால் பத்திரிகை விற்கும். "லேசான கிருமி" என்று எழுதினால் மக்கள் சந்தோஷப்படுவார்கள். இரண்டுமே பாதி உண்மையாக இருக்கலாம். எலிக்கு என்ன ஆயிற்று, மனிதனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்து எழுதுவதுதான் நேர்மை. டாக்டர்களும் விஞ்ஞானிகளும் அப்படியே பிரித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ள பெரியவர்கள் விஷயத்தில் ஒன்று செய்யலாம். புதுக் கிருமி லேசானதா, கொடியதா என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். தாத்தா, பாட்டிக்குத் தடுப்பு ஊசி வேண்டுமா என்று டாக்டரை இப்போதே கேட்டு வைக்கலாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அவர்கள் பக்கத்தில் போகாமல் இருக்கலாம். போக வேண்டி வந்தால் முகக் கவசம் கட்டிக்கொள்ளலாம். மூச்சு வாங்கினால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம்.

எலி லேசாக மெலிந்தது என்று நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து சேதி வரலாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு என்ன வயது, என்ன வியாதி என்பது அந்த எலிக்குத் தெரியாது. அது வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.